கொல்கத்தாவில் இருக்கும் கயலுக்கு

சென்னை,
16 நவம்பர் 2025

அன்புள்ள கயல்,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ கேட்டிருப்பது நடுவில் மீட்டிங் வந்தால் அறுந்துபோகிற விஷயம். எனக்கு அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

நீ கேட்டது இது. சென்னையில் ரயில் ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தின் ரிங் வரைபடம் கையில் இருக்கிறது. கொல்கத்தாவிலும் வட்டம்தான், ரயிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியிருக்க, அதே ரிங்கை எடுத்து வைத்துக் கம்பியை மட்டும் கொஞ்சம் மாற்றினால் என்ன? மண் ஆய்வு அறிக்கைதான் பின்னிணைப்பில் இருக்கிறதே, அதிலிருந்து நாலு எண்ணை எடுத்து சாஃப்ட்வேரில் போட்டால் போதாதா?

ஸ்ட்ரக்சுரல் படித்துவிட்டு வருகிற எல்லோருக்கும் முதல் வருடம் வருகிற கேள்விதான். கட்டடம் கட்டுகிறவன் வெறும் இடத்துக்குப் பாரத்தைக் கொண்டு வருகிறான். எவ்வளவு பாரம், எந்தக் கான்கிரீட், எத்தனை தூண் என்பதெல்லாம் அவன் முடிவு. மண் அவனுக்குக் கீழே இருக்கிற ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். சுரங்கத்தில் நீ வருவதற்கு முன்பே பாரம் அங்கே இருக்கிறது. சாலைக்கு 15 மீட்டர் கீழே ஒரு சதுர மீட்டரின் மேல் மண்ணும் நீருமாக ஏறக்குறைய 30 டன் உட்கார்ந்திருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளாகத் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கும் மண் அது. நீ போய் நடுவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய வளையத்தை வைக்கிறாய். அதற்குப் பிறகும் பெரும்பகுதிப் பாரத்தைத் தாங்கப்போவது மண்தான். உன் ரிங் அந்தத் தாங்கலுக்குக் கைகொடுக்கிறது. மண்ணும் ரிங்கும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரக்சர். அதில் பெரிய பங்காளி மண். அதைப் பின்னிணைப்பில் வைத்தால் ஸ்ட்ரக்சரில் பெரும்பாதியைப் பின்னிணைப்பில் வைத்ததாக ஆகிவிடும்.

கனத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்பது கட்டடத்தில் வருகிற பழக்கம். சுரங்கத்தில் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். செக்மென்ட்களைப் பூட்டிச் செய்த ரிங் கொஞ்சம் வளையும். மேலே அழுத்தம் கூடுதல், பக்கவாட்டில் குறைவு என்றால் வட்டம் சற்றே நசுங்கிப் பக்கங்கள் வெளியே தள்ளும். தள்ளும்போது பக்கத்து மண் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பில் அழுத்தங்கள் கிட்டத்தட்டச் சமமாகி, ரிங்குக்குள் வளைவு விசை குறைந்து, எல்லாம் சுற்றளவு நெடுக நேரான அமுக்கமாக மாறிவிடும். கான்கிரீட்டுக்கு அதைவிட நல்லது என்ன வேண்டும்? அதே ரிங்கை நீ கெட்டியாக்கினால் அது வளைய மறுத்து, மண் தாங்க வேண்டியதையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும். வளைவு விசை கூடும், கம்பி கூடும், அதற்காக மறுபடி கனத்தைக் கூட்டுவாய். 1969-இல் மெக்சிகோ மாநாட்டில் ரால்ஃப் பெக் வாசித்த கட்டுரையிலிருந்தே இது சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கட்டுரையைத் தேடிப் படி. சமன்பாடு குறைவு, சுரங்கத்துக்குள் நின்று பார்த்தவரின் அனுபவம் நிறைய.

ஆனால் மண் எதிர்த்து நின்றால்தான் இதெல்லாம். லண்டன் களிமண் மாதிரி, ஒரு காலத்தில் பெரும் பாரத்துக்கு அடியில் அமுங்கிக் கெட்டிப்பட்ட மண் நன்றாக எதிர்க்கும். அங்கே பக்கவாட்டு அழுத்தம் மேலழுத்தத்தைத் தாண்டியும் இருக்கலாம். வட்டம் அப்போது வேறு திசையில் நசுங்கப் பார்க்கும். உன் கொல்கத்தாவின் மேல்மட்டச் சேறு எதிர்க்காது, தள்ளினால் விலகிக்கொடுக்கும். ஆகவே ரிங்கின் கனம் இரண்டு ஊரிலும் ஒன்றாகவே வந்தாலும் வரலாம், அதைப் பார்த்து ஏமாறாதே. உள்ளே இருக்கும் கம்பி, பூட்டுகளின் விறைப்பு, ரப்பர் கேஸ்கெட் தாங்க வேண்டிய நீரழுத்தம், ரிங்குக்கு வெளியே செலுத்தும் கிரௌட், எவ்வளவு ஆழத்தில் போவது, எந்த இயந்திரத்தில் போவது என்று மற்றதெல்லாம் மாறியிருக்கும்.

நீரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார். உள்விட்டம் 5.8 மீட்டர், கனம் 275 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள். வெளிவிட்டம் 6.35 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு ரிங்கின் எடை சுமார் 13 டன். அது இடம்பெயர்க்கும் நீர் கிட்டத்தட்ட 32 டன். நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் சுரங்கம் ஒவ்வொரு மீட்டரும் 18 டன்னுக்கு மேல் விசையோடு மேலே மிதக்கப் பார்க்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பது தலைமேல் இருக்கும் மண். நல்ல மணல் நீருக்குள்ளும் ஒரு கனமீட்டருக்கு 0.9 டன் அளவுக்கு எடை காட்டும். மக்கிய மரமும் தழையும் கலந்த கரிய மண் நீருக்குள் கிட்டத்தட்ட எடையே காட்டாது. கொல்கத்தாவின் மேல் அடுக்குகளில் அந்தக் கரிய மண் இருக்கிறது. சென்னையில் இத்தனை மீட்டர் மூடுமண் போதும் என்று வந்த எண்ணை அங்கே அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று இப்போது உனக்கே தெரியும்.

நீ பிறந்து வளர்ந்த ஊரின் அடியில் என்ன இருக்கிறது என்று உனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, அதையும் சொல்கிறேன். சென்னையில் இயந்திரம் ஓட்டுகிறவனின் தலைவலி பாறை. பரங்கிமலை, பல்லாவரம், கிண்டிப் பக்கம் சார்னோக்கைட் என்கிற பாறை தரைக்கு மேலேயே எழுந்து நிற்கும். சைதாப்பேட்டை, சின்னமலை அருகே சுரங்கம் பாறைக்குள் போகிறது. வடக்கே வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் கடலும் ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய மணல், வண்டல், களிமண். நல்ல சார்னோக்கைட்டின் அமுக்க வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டனைத் தாண்டும். நீ ரிங்குக்குப் போடும் எம்50 கான்கிரீட்டைப் போல இரண்டு மடங்கு. முழுப் பாறைக்குள் போகும்போது உன் ரிங்குக்குப் பெரிய வேலையே இல்லை, பாறை தானே நிற்கும். அங்கே கவலை வேறு: கட்டர் டிஸ்க் தேய்வதும், பாறை வெடிப்புகள் வழியாக வரும் நீரும்.

முழுப் பாறை நல்லது, முழு மண்ணும் நல்லது. ஒரே முகத்தில் இரண்டும் வருவதுதான் கெடுதல். கீழ்ப்பாதி கறுப்புப் பாறை, மேல்பாதி தளர்ந்த மண் என்று வைத்துக்கொள். இயந்திரத்தின் வேகத்தைப் பாறைதான் தீர்மானிக்கும். ஒரு சென்டிமீட்டர் முன்னேற கட்டர் ஹெட் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மேலே இருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெளியே எடுக்கும் மண் இருக்க வேண்டிய கணக்கைவிடக் கூடும். கூடிய அளவுக்குத் தலைமேல் ஒரு வெற்றிடம் உருவாகும், அது மெல்ல மேலே ஏறும். சாலையின் தார் கொஞ்ச நேரம் பாலம் மாதிரி தாங்கி நிற்கும், பிறகு விழுந்துவிடும். போதாததற்கு சார்னோக்கைட் ஒரே சீராக மக்குவதில்லை. வெடிப்பு வழியே நீர் இறங்கி ஓரங்கள் மக்கி மண்ணாகும். நடுவில் உருண்டைக் கற்கள் அப்படியே இறுகி நிற்கும். போர்ஹோல் ஒரு கல்லில் போய் முட்டினால் பாறை வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அதற்கும் கீழே இன்னும் ஐந்து மீட்டர் மண் இருக்கலாம்.

2017 ஏப்ரல் 9-ஆம் தேதி அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கிய படத்தை நீ பார்த்திருப்பாய். கீழே சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததாலும், பேருந்தில் இருந்தவர்கள் வேகமாக இறங்கிவிட்டதாலும் உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் படத்தைச் செய்தித்தாளில் வேடிக்கையாகப் பார்த்தவர்கள் நிறையப் பேர். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு ரிங்குக்கும் எவ்வளவு மண் வெளியே வந்தது என்று எடை போட்டு எழுதுகிற ஏடு இருக்கிறதே, அதுதான் அந்தச் சாலையில் போகிறவர்களின் காவல். உன் ஆபீசுக்கு அந்த ஏட்டின் நகல் வருகிறதா என்று கேள். வராவிட்டால் வரவைக்கச் சொல்.

இன்னொன்று சென்னையில் அடிக்கடி வரும்: பழைய கிணறும் போர்வெல்லும். மூடாமல் விட்ட போர்வெல் வழியாக இயந்திரத்தின் நுரையும் சேறும் யாரோ ஒருவர் வீட்டுக்குள் பொங்கி வந்திருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத ஓட்டைகள் அவை. தெருத்தெருவாகப் போய் வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் கேட்டால்தான் தெரியும். அதையும் நான் டிசைன் வேலை என்றே சொல்வேன்.

இனி கொல்கத்தா. நீ இருக்கும் இடத்தில் பாறையைத் தேடாதே, அது கிலோமீட்டர் கணக்கில் கீழே இருக்கிறது. கங்கை கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் எல்லாம். அங்கே வேலை செய்தவர்கள் மண்ணை இரண்டாகப் பிரிப்பார்கள்: சாதாரணக் கல்கத்தாப் படிவு, ஆற்றுப்பாதைப் படிவு. முதலாவதில் மேலே வண்டல் களிமண், அதற்குள் அந்த மக்கிய மரம் கலந்த கரிய அடுக்கு, கீழே போகப் போக இறுக்கமான களிமண், அதற்கும் கீழே நீர் தாங்கிய மணல். இரண்டாவது, ஆதி கங்கை போல ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம், பெரும்பாலும் மணலும் வண்டலும். சாலையின் மேலே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வரைபடத்தில் உன் பாதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எங்கே தாண்டுகிறது என்று முதலில் குறித்துவை.

சார்னோக்கைட் பெயர் வந்த கதை இரண்டு ஊரையும் இணைக்கிறது. கொல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் ஜோப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. அதன் கல் பல்லாவரம் பகுதியிலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்கிற புவியியலாளர் 1890-களில் அந்தக் கல்லை வைத்துத்தான் பாறைக்கே பெயர் வைத்தார். கொல்கத்தாவில் வேரோடு நிற்கும் பாறை கிடையாது, கல்லறைக்குக்கூட எங்கள் ஊரிலிருந்து போக வேண்டியிருந்தது. ஒரு மதியம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வா. கருநீலச் சாயல், கண்ணாடி போல மினுமினுக்கும் குவார்ட்ஸ். சென்னையில் கட்டர் டிஸ்க்கைத் தின்பது அதுதான்.

கொல்கத்தா மெட்ரோவின் முதல் பாதை 1984 அக்டோபர் 24-இல் ஓடத் தொடங்கியபோது இந்தியாவில் வேறெங்கும் மெட்ரோ இல்லை. அதைப் பெரும்பாலும் சாலையை மேலிருந்து தோண்டி, டயஃபிரம் சுவர் இறக்கி, பெட்டியாகக் கட்டி மூடினார்கள். ஊர் பல வருடம் குழியும் சேறுமாகக் கிடந்ததற்காகத் திட்டியவர்கள் உண்டு. அன்றைக்குக் கையில் இருந்த கருவிகளோடு அந்த மண்ணில் அது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பிறகு கிழக்கு மேற்குப் பாதை வந்தது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுமார் அரை கிலோமீட்டர். எல்லோரும் ஆற்றைப் பார்த்துத்தான் பயந்தார்கள். 2017-இல் இரண்டு சுரங்கமும் ஆற்றைக் கடந்து முடிந்தன, 2024 மார்ச்சில் ரயிலும் ஓடியது. இடி விழுந்தது ஊருக்குள்ளே.

2019 ஆகஸ்ட் 31 அன்று பவ்பஜாரில் சண்டி என்று பெயரிட்ட இயந்திரம் நீர் தாங்கிய அடுக்கில் போய் மாட்டியது. நீரும் வண்டலும் உள்ளே பாய்ந்தன. மேலே துர்கா பிதுரி லேன் பக்கம் பழைய செங்கல் வீடுகள், ஆழமில்லாத அஸ்திவாரம். அவை பிளந்தன, சில இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். உள்ளே வரும் நீரை நிறுத்த முடியாமல் கடைசியில் சுரங்கத்துக்குள் சுவர் வைத்து, உள்ளேயும் நீரை நிரப்பி, இரண்டு பக்க அழுத்தத்தையும் சமப்படுத்தித்தான் அடக்கினார்கள். அதன் பிறகு 2022-லும் அதே இடத்தில் வேலை நடக்கும்போது நீர் கசிந்து வீடுகளில் விரிசல் விழுந்தது. எஸ்பிளனேடிலிருந்து சியால்டா வரையிலான அந்தத் துண்டு 2025 ஆகஸ்டில்தான் திறந்தது. ஆறு வருடம், கயல். நீ தினமும் ஆபீஸ் போகும் வழியில் அந்த லேன் வருகிறது என்று எழுதியிருந்தாய். ஒருநாள் இறங்கி நட. அங்கே இருப்பவர்களுக்கு மண் ஆய்வு அறிக்கை பின்னிணைப்பு இல்லை.

ஆற்றுக்கு அடியில் போகும்போது தலைமேல் நீர் எவ்வளவு என்பது பெரிய கேள்வி இல்லை. உனக்கும் அந்த நீருக்கும் நடுவில் நீர் புகாத களிமண் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிலத்துக்கு அடியிலும் அதே கேள்விதான். ஒரு மீட்டர் கனமுள்ள மணல் கீற்று போதும், நகரத்தின் நிலத்தடி நீர் முழுவதும் உன் வாசலுக்கு வந்துவிடும்.

இயந்திரத் தேர்வும் அதைப் பொறுத்ததே. களிமண்ணும் வண்டலுமாக இருந்தால் ஈ.பி.பி. மெஷின்: தோண்டிய மண்ணை முன்னறையில் நிரப்பி, அதன் அழுத்தத்தாலேயே முகத்தைத் தாங்கி, ஸ்க்ரூ வழியாக அளவாக வெளியே எடுப்பது. நீர் தாங்கிய மணலும் சரளையும் என்றால் ஸ்லரி மெஷின்: பென்டோனைட் குழம்பை அழுத்தி நிறுத்துவது. லண்டனில் எலிசபெத் லைன் போட்டபோது களிமண்ணுக்கு ஈ.பி.பி.யும், தேம்ஸுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறைக்கு ஸ்லரியும் என்று ஒரே திட்டத்திலேயே பிரித்து வாங்கினார்கள். இது காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே. முகத்தை எவ்வளவு நன்றாகத் தாங்க முடிகிறதோ அதைப் பொறுத்துத்தான் மேலே வீடு இறங்கும் அளவு.

அந்தக் கணக்கும் மண்ணுக்கு மண் வேறு. 6.6 மீட்டர் விட்டத்துக்குத் தோண்டி, முகத்தின் பரப்பில் 1 விழுக்காடு மண் கூடுதலாக உள்ளே வந்துவிட்டது என்று வை. மீட்டருக்கு மூன்றில் ஒரு கனமீட்டர். சுரங்கத்தின் நடு 18 மீட்டர் ஆழம். களிமண்ணில் அந்தப் பள்ளம் அகலமாகப் பரவும், நடுவில் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் இறங்கும். மணலில் ஒடுங்கி விழும், 25 மில்லிமீட்டர் வரை போகும். மண் இழப்பு ஒன்றேதான். ஆனால் ஒடுங்கிய பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் செங்கல் வீட்டுக்கு ஒரு சுவர் இறங்கி மறுசுவர் இறங்காது. விரிசல் அப்படித்தான் வருகிறது. நீ பெக்கின் வளைவை எடுத்து இந்த எண்களை நீயே போட்டுச் சரிபார்.

போர்ஹோலுக்கு வருகிறேன், என் வாழ்க்கையின் பெரும்பகுதி அதோடுதான். ஒரு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு 50 மீட்டருக்கு ஒன்றாக 20 துளை, ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், சுரங்கம் போகிற மண்ணில் நாம் கண்ணால் பார்த்தது ஏறக்குறைய 15,000-இல் ஒரு பங்கு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மண்ணுக்குச் செல்லாது. மார்க் புருனெல் 1825-இல் தேம்ஸுக்கு அடியில் சுரங்கம் தொடங்கியபோது, அடியில் நல்ல நீலக் களிமண் தொடர்ச்சியாக இருக்கிறது என்று துளை போட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தொடர்ச்சி இல்லை. 1827-லும் 1828-லும் ஆறு உள்ளே புகுந்தது, இரண்டாவது முறை ஆறு பேர் இறந்தார்கள். 1843-இல்தான் திறந்தார்கள். இன்றும் அதில் ரயில் ஓடுகிறது. அதுதான் ஷீல்டு வைத்துத் தோண்டிய முதல் சுரங்கம், உன் இயந்திரத்தின் பாட்டன்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கதை அதைவிடக் கொடுமை. 1974-இல் லெஸ்னயா நிலையத்துக்கு அப்பால் நீர் ஊறிய மணல் வேலை நடக்கும் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. திரவ நைட்ரஜன் செலுத்தி மண்ணையே உறைய வைத்து, அதற்குள் தோண்டிப் பாதையை முடித்துவிட்டார்கள். திறமையான வேலை. ஆனால் உறைந்த மண் ஒருநாள் உருகும், சுரங்கம் நூறு வருடம் இருக்க வேண்டும். ஓட ஓட அது இறங்கிக்கொண்டும் கசிந்துகொண்டும் இருந்தது. 1995 டிசம்பரில் மூடிவிட்டார்கள். வேறு தடத்தில் புதிதாகத் தோண்டி 2004-இல்தான் மறுபடி இணைத்தார்கள். கட்டி முடிப்பதற்கான மண் நிலையும், கட்டியது வாழ்வதற்கான மண் நிலையும் வேறு வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக நீ கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைசியாக உன் சாஃப்ட்வேர். நாலு எண் போதாதா என்றாயே, அதற்கு சிங்கப்பூரின் நிகல் ஹைவேயைப் பார்க்கச் சொல்வேன். 2004 ஏப்ரல் 20. சர்க்கிள் லைனுக்காகக் கடல் களிமண்ணில் 30 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்த பள்ளம் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை. விசாரணைக் குழு பல காரணங்கள் கண்டது. சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இணைப்பு தேவையான பலத்துக்குப் போடப்படவில்லை, அளவைக் கருவிகள் சொன்னதைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றோடு ஒரு கணக்குப் பிழையும் இருந்தது. மென்மையான களிமண் வேகமாகப் பாரம் ஏற்றும்போது உள்ளே நீரழுத்தம் ஏறித் தன் வலிமையை இழக்கும். அவர்கள் பயன்படுத்திய கணினி மாதிரி அதைக் காட்டாது. உண்மையில் இல்லாத வலிமையை அந்த மண்ணுக்குக் கொடுத்துவிட்டது. சுவர் எவ்வளவு நகரும், எவ்வளவு வளையும் என்பதெல்லாம் குறைவாக வந்தன. எண்கள் எல்லாம் அறிக்கையிலிருந்து எடுத்தவைதான். அந்த மண்ணுக்கு எந்தக் கணினி மாதிரி பொருந்தும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. உன் மேல்மட்டக் களிமண்ணும் அதே குணம் கொண்டது. நிலையங்களுக்குப் பள்ளம் தோண்டும் கணக்கு உன் மேஜைக்கு வந்தால், வடிகால் இல்லாத நிலையின் வலிமையை நேராக ஆய்வகத்திலிருந்து எடுத்துப் போட்டு ஒருமுறை ஓட்டு. இரண்டு விடையும் ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாதே. யார் அவசரப்படுத்தினாலும் சரி.

போர் லாக் படிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. எஸ்.பி.டி. என்பது 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவது, முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது. கயிற்றைப் பிடித்திருக்கும் ஆள் சாயங்காலம் களைத்துப்போனால் உயரம் குறையும், அடிகளின் எண்ணிக்கை கூடும், மண் கெட்டியாகிவிட்டது போலக் காகிதத்தில் தெரியும். மணலில் நீர் மட்டம் கலைந்து கீழிருந்து மண் பொங்கினால் எண்ணிக்கை குறையும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காதே. பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படி: நிறம், வாசனை, நீர் வந்த ஆழம், துளையில் நீர் திடீரென இறங்கியதா. ‘கரிய மண், மக்கிய மரத்துண்டு’ என்று யாரோ ஒரு துளை போடுகிறவர் சிரத்தையாக எழுதியிருப்பார். எண்களைவிட அந்த ஒரு வரி உனக்கு அதிகம் சொல்லும்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சுரங்கங்களையும் இணைக்கும் குறுக்குப் பாதைகள் உன் வரைபடத்தில் சுமார் 240 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். அவற்றை இயந்திரம் தோண்டாது. ரிங்கை வெட்டித் திறந்து, ஆட்கள் நின்று, கையாலும் சிறு கருவியாலும் தோண்டுவது. கேடயம் எதுவும் கிடையாது, அவர்களுக்கும் நீருக்கும் நடுவில் மண் மட்டும்தான். ஆனால் போர்ஹோல்களைப் பாதை நெடுக ஒரே இடைவெளியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், குறுக்குப் பாதை வரும் இடத்தில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு குறுக்குப் பாதைக்கும் மிக அருகில் இருக்கும் போர்ஹோல் எவ்வளவு தூரம், அது குறுக்குப் பாதையின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை மீட்டர் போயிருக்கிறது, அந்த ஆழத்தில் மணல் இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுது. இல்லாத இடத்தில் புதிதாகத் துளை போட வேண்டும் என்று உன் சீனியரிடம் எழுத்தில் கேள். செலவு என்பார். கேட்டுக்கொண்டே இரு. அதிகம் பேச வேண்டாம், பவ்பஜார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஊரில் எல்லோருக்கும் புரியும்.

அந்தத் தாளை எனக்கும் அனுப்பு. ஐந்தாவது, ஆறாவது குறுக்குப் பாதைகள் எங்கே வருகின்றன என்று நான் பார்க்க வேண்டும். நீ முன்பு அனுப்பிய பாதை வரைபடத்தில் அந்த இடத்தில் பழைய கால்வாய் ஒன்று ஓடியது போல எனக்குப் படுகிறது. பழைய நகர வரைபடம் நூலகத்தில் கிடைத்தால் அதையும் மேலே வைத்துப் பார்.

அண்ணனும் அண்ணியும் நன்றாக இருக்கிறார்கள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். அடுத்த வாரம் இங்கிருந்து வருகிற உன் தோழியிடம் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும், என்னுடைய பழைய கோர் லாக் நோட்டு ஒன்றும் கொடுத்து அனுப்புகிறேன். நோட்டைத் தொலைத்துவிடாதே, படித்துவிட்டுப் பொங்கலுக்கு வரும்போது திருப்பிக் கொண்டு வா.

அன்புடன்,
அத்தை